தேய்த்துக் கழுவிய ஐந்து கலயம்

ஜெபகனி முதல்முதலா எங்க ஆபீசுக்கு வந்த அண்ணைக்கே எனக்கு அவ மேல கோவம். உக்காரச் சொன்னேன். பெஞ்சைப் பாத்தா. தோள்ல கெடந்த துண்டை எடுத்து அந்தத் தலையிலேருந்து இந்தத் தலை வரைக்கும் துடைச்சா, பிறகுதான் உக்காந்தா. இடுப்பிலே கைக்குழந்தையை வச்சுக்கிட்டு இதைச் செய்யா வே! நாகர்கோவில்ல வக்கீல் ஞானசிங் கிட்ட இந்த முத்துநாயகம் இருபது வருஷமா குமஸ்தா. அந்தப் பெஞ்சிலே எத்தனை பெரிய மனுஷன் உக்காந்து எந்திரிச்சிருக்கான், ஒருத்தன் கண்ணுக்கும் அது அழுக்காத் தெரியல்ல. இவளுக்குத் தெரிஞ்சுட்டுது.

"என்ன பிள்ளே, அப்படியே ஆபீசையும் தூத்துப் பெருக்கிட்டுப் போயேன்"னேன்.

அவ சிரிக்கல்ல. "எனக்க மாப்பிளைய ஜெயில்ல போட்டாச்சு அண்ணாச்சி. ஆறு மாசம். அப்பீல் குடுக்கணும்"ன்னா.

கொல்லம் வருஷம் 1106, வைகாசி மாசம். இங்கிலீஷ் கணக்குக்கு 1931.

அவ ஊரு குழித்துறைக்கு மேற்கே. அப்பனும் பனையேறி, மாப்பிளை ரசலையனும் பனையேறி. நடுவிலே ஏழு வருஷம் மிஷன் போர்டிங் ஸ்கூல்ல கெடந்து படிச்சவ. அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மா, வேதத்தையும் லேஸ் பின்னலையும் படிப்பிச்ச கையோட சட்டி பானை தேய்க்கவும் படிப்பிச்சிருக்கா. கழுவின பாத்திரத்தை வெளிச்சத்திலே திருப்பிக் காட்டணுமாம். பொட்டு அழுக்கு இருந்தா அண்ணைக்கு சோறு கிடையாது. சின்ன வயசிலே புடிச்ச அந்தப் பயம் எலும்புக்குள்ள போயிட்டுது. கட்டிக்கிட்டு வந்த வீட்டிலே சுவரெல்லாம் கரி, அக்கானி காய்ச்சுற புகை. அந்தப் புகைக்குள்ள இருந்துகிட்டு ஞாயித்துக்கெழமை சேலையிலே ஒரு கறை இல்லாம கோயிலுக்கு வருவாளாம். "மதாம்மா வாறா"ன்னு பெண்ணுங்க கேலி பண்ணுமாம். ரசலையனும் கேலி பண்ணுவான், ஆனா பனையிலேருந்து எறங்கினா காலைக் கழுவாம வாசப்படி ஏற மாட்டான்.

உமக்கு ஒரு விஷயம் சொல்லிரணும், இல்லேன்னா கதை புரியாது. பனையிலே கலயம் கட்டுகதுக்கு முன்னே உள்ளே சுண்ணாம்பு தடவினா, எறங்குகது அக்கானி, பதனீரும்பாவளே அது. இனிப்பா இருக்கும், புளிக்காது, காய்ச்சினா கருப்பட்டி. சுண்ணாம்பு தடவல்லேன்னா கள்ளு. அதைப் புளிக்க வச்சு அடுப்பிலே ஏத்தினா சாராயம். ஒருத்தன் கருப்பட்டிக்காரனா கள்ளுக்காரனாங்கதுக்கு அவன் கலயத்து உள்பக்கம்தான் சாட்சி. ரசலையன் கருப்பட்டிக்காரன்.

பங்குனி மாசம் எக்சைஸ்காரங்க அவன் ஏறுற பனை விளைக்குள்ள புகுந்தாவ. விளையோட கிழக்குக் கோடியிலே தாழைப் புதருக்குள்ள யாரோ சாராயம் வாற்றிக்கிட்டு இருந்திருக்கானுவ. ஆளைக் கண்டதும் ஓடிட்டானுவ. அடுப்பு, செம்புக் குழாய், ஊறல் போட்ட பெரிய பானை மட்டும் மிச்சம். வெறுங்கையோட போனா இன்ஸ்பெக்டருக்குக் குறைச்சல் இல்லியா? அண்ணாந்து பாத்தாரு. பனை உச்சியிலே ரசலையன் பாளை சீவிக்கிட்டு நிக்கான். "எறங்குலே!"ன்னாரு. எறங்கினான். அம்புட்டுத்தான். ஓடினவன்தான் பனையிலே ஏறி ஒளிஞ்சான்னு கேஸ். கேட்டேரா அக்கிரமத்தை! ஓடுகவன் எவனாவது ஓலைக்கு நடுவிலே போய் உக்காருவானா?

குடிசையிலே இருந்த அஞ்சு கலயத்தையும் எடுத்தாவ. சாராயத்துக்கு வேண்டிய கள்ளை இதிலேதான் எறக்கினான்னு பறிமுதல் மகஜர் எழுதினாவ. அதிலே சுண்ணாம்புங்கற வார்த்தையே இல்ல, வேணும்னே விட்டிருக்கானுவ. அஞ்சு கலயத்தையும் சுமக்கச் சோம்பல்பட்டு, முக்குக் கடைக்காரன் தங்கப்பன் கிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டு அங்கேயே வச்சுட்டுப் போயிட்டாவ. கோர்ட்டிலே காட்ட வேண்டிய பிடிச்ச சாமானுக்கு நாங்க தொண்டின்னு பேரு சொல்லுவோம். தொண்டியைக் காக்குற லட்சணம் இது.

கீழ்க் கோர்ட்டு எதுன்னு சொல்ல மாட்டேன். அந்த மாஜிஸ்ட்ரேட்டு செத்துப்போனாரு, விட்டுரும். அவரு எழுதின தீர்ப்பு நகலைத்தான் ஜெபகனி ஒரு வெள்ளைத் துணியிலே சுத்திக் கொண்டு வந்திருந்தா. எல்லாப் பக்கமும் படிச்சேன். கடைசிப் பக்கத்திலே ஒரு வரி: "ஐந்து கலயங்களையும் நானே பரிசோதித்தேன். ஒன்றிலும் சுண்ணாம்பின் அடையாளம் இல்லை. இது குறித்துக் கேட்டபோது பிரதியான ரசலையன் மௌனமாக நின்றான்."

எனக்கு ஆளு மேலேயே சந்தேகம் வந்துட்டுது. சுண்ணாம்பு இல்லாத கலயம் கருப்பட்டிக்காரன் வீட்டிலே எதுக்கு? கேட்டதுக்கு வாயைத் திறக்கவும் இல்ல. சரி, பொய் பேசுகவனுக்கும் அப்பீல் உண்டு, நம்ம வேலை கையெழுத்து வாங்குகதுன்னு வக்காலத்தைத் தூக்கிக்கிட்டு ஜெயிலுக்குப் போனேன்.

ரசலையன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னான். நெஞ்சிலேயும் முழங்கையிலேயும் காய்ப்பு காச்ச உடம்பு. நான் எடுத்த எடுப்பிலே, "ஏலே, சுண்ணாம்பு தடவாத கலயம் உனக்க வீட்டிலே எப்படி வந்துது? வக்கீல் கிட்டயும் மறைச்சா கெட்டுப்போவே"ன்னேன்.

அவன் ரெண்டு பக்கமும் பாத்தான். "சுண்ணாம்பு இருந்துது அண்ணாச்சி. ஜெபகனி தேச்சுக் கழுவிப் போட்டா."

விசாரணைக்கு முந்தின நாளு எக்சைஸ் பியூன் வந்து, "கலயத்தைத் தங்கப்பன் கிட்ட வாங்கி நீயே கோர்ட்டுக்குச் சுமந்துட்டு வா"ன்னு அவகிட்ட சொல்லியிருக்கான். அவ வாங்கினா. ஒரு மாசத்துப் பிசுக்கு, கடைக்குப் பின்னால கெடந்த பூஞ்சாணம், எலிப் புழுக்கை. நாலு படிச்சவங்க இருக்குற சபையிலே நம்ம வீட்டுக் கலயத்தை இந்தக் கோலத்திலே வைக்கவான்னு அவளுக்கு மானம். நேரே ஆத்துக்குப் போயிருக்கா. மணலும் தேங்காத் தொண்டும் வச்சு உள்ளையும் வெளியையும் தேய் தேய்னு தேச்சு, வெயில்ல காய வச்சு, வெள்ளைத் துணி போட்டு மூடிக் கொண்டுபோயிருக்கா.

"மேசையிலே வச்சப்போ அஞ்சும் பளபளன்னு இருந்துது அண்ணாச்சி. எனக்க நெஞ்சு நின்னு போச்சு. அவ அந்தக் கோடியிலே நின்னு என்னைப் பாத்துச் சிரிக்கா, நல்லா இருக்கான்னு கேக்குற மாதிரி. மாஜிஸ்ட்ரேட்டு ஏமான் சுண்ணாம்பு எங்கேன்னு கேட்டாரு. நான் வாயைத் திறக்கப் போனேன். பக்கத்திலே நின்ன பியூன் மெதுவா, 'சொல்லு, தொண்டியிலே கை வச்சதுக்கு அவளையும் உள்ள தள்ளுவோம்'னான். பிள்ளைக்கு அப்போ ரெண்டு மாசம். நான் ஒண்ணும் பறயல்ல."

பொய்யன்னு நினைச்சுக்கிட்டு வந்தவன் நான்.

"அவளுக்கு இது தெரியாது. தெரியவும் கூடாது. தெரிஞ்சா அவ உயிரோட இருந்தும் பிரயோஜனம் இல்ல"ன்னான் அவன். "வேற என்ன வேணும்னாலும் எழுதும், கையெழுத்துப் போடுகேன். அவ பேரு வந்துதுன்னா, நான்தான் சாராயம் வாற்றினேன்னு நானே எழுதிக் குடுத்துருவேன். உம்ம சாமி மேல சத்தியம் பண்ணும்."

சுசீந்திரம் தாணுமாலயன் மேல சத்தியம் பண்ணினேன். அவன் கையெழுத்துப் போட்டான்.

வக்கீல் கிட்ட மட்டும் சொன்னேன். ஞானசிங் சாரு மூக்குக் கண்ணாடியைக் கழட்டி வச்சாரு. "முத்துநாயகம், இந்த அப்பீலுக்கு ஒரே கால்தான். அதை வெட்டிப் போட்டுட்டு நடக்கச் சொல்லுகீரே"ன்னாரு. ஆனாலும் எழுதினாரு. ஓடினவனை அடையாளம் தெரியல்ல, மகஜர் சாட்சி ரெண்டு பேரும் முரணாப் பேசுகானுவ, இப்படி ஏழெட்டுக் காரணம். ஒண்ணுக்கும் பல்லு கிடையாது. எங்களுக்கே தெரியும்.

ஆனி மாசக் கடைசியிலே தேதி விழுந்துது. அதுவரைக்கும் ஜெபகனி எட்டு நாளைக்கு ஒருக்கா வருவா. தக்கலை வரைக்கும் நடை, அங்கேயிருந்து மோட்டார். வந்து பெஞ்சைத் துடைப்பா, உக்காருவா, "நல்ல சேதி உண்டா அண்ணாச்சி?"ம்பா. உண்டு உண்டும்பேன். வேற என்னத்தைச் சொல்ல? இந்தச் சனியன் இனி வராம இருந்தா நல்லதுன்னு கூட நினைச்சிருக்கேன்.

தேதிக்கு நாலு நாளைக்கு முன்னே வந்தா. அண்ணைக்கு எனக்கு நேரமும் சரியில்ல, ஒரு கேஸ் கட்டைக் காணல்லேன்னு சாரு கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். அவ குழந்தை ராகேலை மடியிலே போட்டுத் தட்டிக்கிட்டே கேட்டா: "அண்ணாச்சி, நம்ம கலயம் இப்போ பெரிய கோர்ட்டிலேதானே இருக்கு? தூசி அடைஞ்சு போயிருக்குமே. பெரிய ஏமான் பாக்கப் போறாரு. நான் முந்தின நாளே வந்து நல்லா ஒருதரம் கழுவி வச்சிரட்டா?"

எனக்குத் தலைக்கு ஏறிட்டுது.

"இன்னும் கழுவணுமா உனக்கு? கழுவு! நீ கழுவினதுனாலதாண்டி உனக்க மாப்பிளை உள்ள கெடக்கான்! சுண்ணாம்பு இருந்திருந்தா அண்ணைக்கே வீட்டுக்கு வந்திருப்பான். தேச்சுத் தேச்சு அவனை ஜெயிலுக்குள்ள தேச்சு விட்டுட்டு, கேக்கா பாரு கேள்வி!"

சொல்லி முடிஞ்ச பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டுது. நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்துது.

அவ அழல்ல. குழந்தையைத் தட்டின கை மட்டும் அப்படியே நின்னுட்டுது. "அவியளுக்கு இது தெரியுமா?"ன்னு கேட்டா.

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"கலயத்தை மேசையிலே வச்சப்போலேருந்து."

எந்திரிச்சுப் போயிட்டா. பின்னாலேயே வாசல் வரைக்கும் ஓடினேன். "பிள்ளே, நீ கோர்ட்டுப் பக்கம் வந்துராதே. உன்னையும் புடிச்சுப் போடுவானுவ. அவனுக்கு நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்"ன்னு கெஞ்சினேன். அவ திரும்பிப் பாக்கல்ல.

தேதியண்ணைக்குக் கோர்ட்டு நிறைஞ்சு கெடந்துது. ஆயிரம் சாமியைக் கும்பிட்டேன், அவ வரப்பிடாதுன்னு. பதினொரு மணிக்கு வந்தா. வந்தவ நேரே எனக்கிட்ட வந்து, ஒண்ணும் சொல்லாம, குழந்தையை எனக்க கையிலே திணிச்சா. கூட ஒரு துணி மூட்டை. குழந்தைக்கு ரெண்டு சட்டை, ஒரு பாலாடை. என்ன நினைப்பிலே வந்திருக்கான்னு எனக்குப் புரிஞ்சுட்டுது.

சாரு பேசினாரு. நல்லாத்தான் பேசினாரு. ஜட்ஜி வயசானவரு, பொறுமையாக் கேட்டாரு. கடைசியிலே மேசை மேல வரிசையா இருந்த கலயத்திலே ஒண்ணை எடுத்து உள்ளே பாத்தாரு.

"மிஸ்டர் ஞானசிங், நீங்க சொன்னது எல்லாம் சரின்னே வச்சுக்கிடுவோம். இதிலே சுண்ணாம்பு ஏன் இல்ல? அதுக்குப் பதில் சொல்லுங்க."

சாரு ஒருதரம் என்னைத் திரும்பிப் பாத்தாரு. ஜட்ஜி பேனாவைக் கையிலே எடுத்துட்டாரு.

"நான் கழுவினேன் ஏமானே."

கூட்டத்துக்குள்ளேருந்து அவ எந்திரிச்சு நிக்கா. டவாலிச் சேவகன் "ஸைலன்ஸ்!"னு கத்துகான். அவ நகரல்ல. சர்க்கார் வக்கீல் துள்ளி எழுந்தாரு, தொண்டியை அழிச்சது தனிக் குற்றம், இவளை இப்பவே காவல்ல வைக்கணும்னாரு. ஜட்ஜி கையை உயர்த்தினாரு.

"நீ யாரு?"

"உள்ள கெடக்குறவருக்க பெஞ்சாதி. எனக்க பேரு ஜெபகனி."

"நீ சொல்லுகதுக்கு உன் மேலேயே கேஸ் வரலாம். தெரியுமா?"

"தெரியும் ஏமானே. பிள்ளையைக் குடுத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பிச்சு. நேரம் பாத்து அந்தக் குட்டி எனக்க காதைப் புடிச்சு இழுத்துக்கிட்டு ஒரே அழுகை.

அவ எல்லாத்தையும் சொன்னா. பியூன் வந்தது, தங்கப்பன் எடுத்துக் குடுத்தது, ஆத்து மணல், தேங்காத் தொண்டு. குரல் நடுங்கிச்சு, ஆனா ஒரு வார்த்தை மாறல்ல. சர்க்கார் வக்கீல் விடல்ல. "தண்டனை ஆன பிறகு கட்டின கதை. இதை யாரு வேணும்னாலும் சொல்லலாம். சுண்ணாம்பு இருந்ததுக்கு அத்தாட்சி எங்கே?"

ஜட்ஜியும் அவளைத்தான் பாத்தாரு. "ஆமா. அத்தாட்சி வேணுமே."

அவ கலயத்தையே பாத்துக்கிட்டு நின்னா. பிறகு சொன்னா: "மூணு வருஷம் சுண்ணாம்பு குடிச்ச மண்ணு ஏமானே. ஒரு தேய்ப்பிலே எல்லாம் போவாது. மஞ்சத் தண்ணி ஊத்திப் பாருங்கோ. சுண்ணாம்பு இருந்தா செவக்கும். அடுக்களையிலே நிக்குற எல்லாவளுக்கும் இது தெரியும்."

கோர்ட்டிலே ஒரே முணுமுணுப்பு. ஜட்ஜி கொஞ்ச நேரம் தாடையைத் தடவினாரு. பிறகு டவாலியைக் கூப்பிட்டுக் கடைக்கு அனுப்பினாரு. அவன் மஞ்சப் பொடி வாங்கி வர கால் மணி நேரம் ஆச்சு. எனக்கு அந்தக் கால் மணி நேரத்திலே பத்து வயசு கூடிட்டுது.

ஜட்ஜி கெட்டிக்காரரு. முதல்லே புதருக்குள்ள எடுத்த ஊறல் பானையிலே ஊத்தச் சொன்னாரு. மஞ்சள் மஞ்சளாவே கெடந்துது. பிறகு முதல் கலயம். டவாலி ஊத்தி ஒரு சுத்துச் சுத்தினான். மேசைக்குப் பக்கத்திலே நின்னவங்க எட்டிப் பாத்தாவ. ஒண்ணும் இல்ல. எனக்கு உயிரு போயிட்டுது. "கொஞ்சம் நிக்கட்டும் ஏமானே, ஊறணும்"னா ஜெபகனி. நின்னுது. அடியிலேருந்து மெல்ல மெல்ல செவந்துது. ரெண்டாவது செவந்துது. அஞ்சும் செவந்துது.

"சாம்பல் போட்டுத் தேச்சிருந்தாலும் செவக்கும்!"னாரு சர்க்கார் வக்கீல். மனுஷன் வீட்டிலே என்னமோ கத்துக்கிட்டுத்தான் வந்திருக்காரு.

"ஒண்ணை உடை"ன்னாரு ஜட்ஜி.

உடைச்சான். கழுத்துக்குக் கீழே, கலயத்தோட தோளுக்கு உள்பக்கம், விரல் எட்டாத அந்த வளைவிலே சுண்ணாம்பு பொருக்குப் பொருக்கா ஒட்டிக் கெடக்கு. ஜட்ஜி அந்த ஓட்டுத் துண்டை வாங்கி நகத்தாலே சுரண்டிப் பாத்தாரு. எங்க சாரு அந்தச் சமயத்தை விடல்ல, கீழ்க் கோர்ட்டிலே தங்கப்பன் குடுத்த வாக்குமூலத்தை எடுத்து வாசிச்சாரு: "பியூன் சொன்னபடி கலயங்களை ஜெபகனி வசம் கொடுத்தேன்." அவன் அண்ணைக்கே சொல்லியிருக்கான் வே, எழுதியும் இருக்கு. நானும் படிச்சிருக்கேன். ஒரு முட்டாளுக்கும் உறைக்கல்ல, இந்த முட்டாள் உட்பட.

தீர்ப்பை அங்கேயே சொன்னாரு. தண்டனை ரத்து. தொண்டியைக் காக்க வேண்டியவங்களே அதை அவ கையிலே குடுத்ததாலே, கெட்ட எண்ணம் இல்லாமக் கழுவினவ மேல நடவடிக்கை வேண்டாம்னு எழுதினாரு. நான் குழந்தையைத் தூக்கிக்கிட்டு வெளியே ஓடி வந்து, ஆலமரத்தடியிலே நின்னு வாய் விட்டு அழுதேன். வெக்கம் என்ன வெக்கம்.

மறுநாள் காலையிலே விடுதலை உத்தரவை எடுத்துக்கிட்டு நானும் ஜெபகனியும் ஜெயில் வாசலுக்குப் போனோம். எனக்கு நடையிலேயே ஒரு மிதப்பு. கும்பிடுவான், கையைப் புடிச்சுக்கிடுவான்னு நினைச்சேன், பொய் சொல்லல்ல. ரசலையன் வெளியே வந்தான். பாதி உடம்பு இல்ல. பிள்ளையை வாங்கி மோந்து பாத்தான். பெஞ்சாதி முகத்தைப் பாத்தான். அவ தலையைக் குனிஞ்சு நிக்குறதைக் கண்டதும் அவனுக்கு மனசிலாயிட்டுது.

"அண்ணாச்சி, அவகிட்ட ஆரு சொன்னா?"

"நான்தான்"னேன்.

"உம்மகிட்ட ஒண்ணே ஒண்ணுதானே கேட்டேன்."

"ஏலே, நீ வெளியிலே நிக்கே! அதைப் பாரு!"

"ஆறு மாசம் கழிஞ்சா நானே வெளியிலே வந்திருப்பேன். எனக்கு அதோட தீர்ந்திருக்கும்." அவன் சத்தம் போடல்ல. போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். "அவளுக்கு இனி எப்போ தீரும்? ஆயுசு முழுக்க இதைத்தானே நினைச்சுக்கிட்டுக் கெடப்பா?"

ஜெபகனிதான் தலையை நிமுத்தினா. கண்ணெல்லாம் கலங்கியிருந்துது, ஆனா கோவமும் இருந்துது.

"கெடக்கேன்"னா. "ஆயுசு முழுக்கக் கெடக்கேன். உங்க கூடத்தானே கெடக்கப் போறேன்? என்னை வெளியிலே விட்டுட்டு நீங்க மட்டும் உள்ள கெடந்தியளே, அதுக்கு இது எவ்வளவோ மேல். நடங்கோ, வீட்டுக்குப் போவோம்."